கன்வெர்ட் செய்யும் முன்

அன்புள்ள தம்பி,

பழைய கல்யாண வீடியோக்களை மாற்றித் தரும் வேலை உனக்கு நிறைய வருகிறது என்று எழுதியிருந்தாய். "எம்டிஎஸ் ஃபைல் போன்ல ஓட மாட்டேங்குது, எம்பி4 ஆக்கிக் குடுங்க" என்று கேட்டவர்களே, கையில் வாங்கியதும் "முன்ன இருந்த தெளிவு இல்லையே" என்கிறார்களாம். எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறாய். அதைவிட, அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்.

மீடியாஇன்ஃபோவில் திறந்தால் தெரிந்துவிடும். சோனியும் பானசோனிக்கும் 2006இல் அறிமுகப்படுத்திய ஏவிசிஎச்டி முறைப் பதிவு அது. உள்ளே இருக்கும் படம் எச்.264. நீ உருவாக்கப்போகும் எம்பி4க்குள்ளும் பெரும்பாலும் அதே எச்.264தான். மாற வேண்டியது வெளியே இருக்கும் கன்டெய்னர் மட்டுமே. அப்படியிருக்க, படத்தை விரித்து மறுபடி ஏன் சுருக்க வேண்டும்? ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் என்கோடர் கொஞ்சம் விவரத்தைக் கழித்துவிடுகிறது. கழிந்தது திரும்பாது. பிட்ரேட்டை இரு மடங்காக்கினாலும் ஃபைல்தான் பெருக்கும்.

எஃப்எஃப்எம்பெக்கில் கோடெக் சொல்ல வேண்டிய இடத்தில் 'காப்பி' என்று கொடு. ஹார்ட் டிஸ்க் எழுதுகிற வேகத்தில் வேலை முடியும். படத்தில் ஒரு பிட்டும் மாறாது. ஒலி ஏசி3 ஆக இருந்தால் சில போன்களில் கேட்காது. ஒலியை மட்டும் ஏஏசி ஆக்கு. நீ பழகிய ஹேண்ட்பிரேக் நல்ல கருவிதான், ஆனால் வீடியோவை அப்படியே கடத்தும் வசதி அதில் இல்லை. எதைக் கொடுத்தாலும் மறுபடி சுருக்கித்தான் தரும்.

இன்னொன்று. நீண்ட பதிவை அந்தக் கேமராக்கள் கார்டில் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். தனித்தனியாக மாற்றிவிட்டுப் பிறகு ஒட்டினால் இணைப்பில் ஒலி ஒரு கணம் அறுபடும். கெட்டிமேளத்தின் நடுவே அப்படி அறுந்தால் யார் காதுக்கும் தப்பாது. துண்டுகளைச் சேர்த்த பிறகே மாற்று.

காப்பி போதாத இடமும் உண்டு. அந்தக் கல்யாண வீடியோக்களில் பெரும்பகுதி '1080ஐ' எனப்படும் இன்டர்லேஸ் பதிவுகளாக இருக்கும்: நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். டிவி இதைத் தானே சரிசெய்து காட்டிவிடும். பல போன்களும் கம்ப்யூட்டர்களும் செய்வதில்லை. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்தருகே கொண்டுபோகும் ஃபிரேமில் நிறுத்திப் பார். விரல்களின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழிந்திருக்கும். இங்கே டீஇன்டர்லேஸ் செய்தே ஆக வேண்டும், அதற்கு மறுபடி சுருக்கவும் வேண்டும். அதை ஒரே ஒரு முறை செய், நொடிக்கு 50 முழு ஃபிரேமாகச் செய். 25க்கு இறக்கினால் அசைவில் பாதி போய்விடும். மலிவான சில சாஃப்ட்வேர்கள் அரைப்படங்களில் ஒன்றைத் தூக்கிவிட்டு மிச்சத்தை இழுத்து நிரப்புகின்றன. பெயர் 1080, உண்மையில் இருப்பது 540 வரி. உன் வாடிக்கையாளர்கள் தெளிவில்லை என்றது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி மறுபடி சுருக்கும்போது, எக்ஸ்264 என்கோடரில் தரத்தைத் தீர்மானிக்கும் சிஆர்எஃப் எண் தானாக 23இல் நிற்கும். இந்த மாதிரி வேலைக்கு நான் 18க்கு மேல் போக மாட்டேன். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். போதுமா என்று பார்க்க முகத்தைப் பார்க்காதே, அரக்குப் பட்டுப்புடவையைப் பார். முழு எச்டி பதிவில் வெளிச்சம் 1920க்கு 1080 என்றால் நிறம் 960க்கு 540 மட்டுமே பதிவாகியிருக்கும். அதனால் அடர்ந்த சிவப்பில்தான் கட்டம் கட்டமாக முதலில் உடையும். ஜரிகையின் ஓரம் கலங்கும். மூலத்தையும் மாற்றியதையும் பக்கத்தில் வைத்து அந்த இடத்தை ஒப்பிடு.

மூல எம்டிஎஸ் ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் போட்டுத் திருப்பிக் கொடு. இடம் இல்லை, அழித்துவிடுங்கள் என்றால் உட்கார்ந்து எடுத்துச் சொல். நாளை இதைவிட நல்ல டீஇன்டர்லேஸ் முறை வந்தால் தொடங்குவதற்கு அது ஒன்றுதான் இருக்கும்.

நீ கேட்ட மினிடிவி கேசட்டுகள் வேறு கதை. அது 720க்கு 576. 1080க்குப் பெரிதாக்கி எச்டி என்று பில் போடாதே. அதோடு, கேசட்டின் ஜன்னல் வழியே பார்க்கும்போது டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே போடாதே, ஹெட்டும் சேர்ந்து கெடும். அப்படிப்பட்டதைத் தனியாக எடுத்து வை, நான் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்