மெழுகில் தொடங்கும் படிப்பு

அன்புள்ள கண்ணு,

பி.டி.எஸ். ஒதுக்கீட்டு ஆணை வந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். குரலில் பாதி மகிழ்ச்சிதான். மீதியை எம்.பி.பி.எஸ். இன்னும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இனி ஓராண்டுக்கு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது "அது கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிக் களைத்துப்போகாதே. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களுக்காக உண்டாக்கிய படிப்பல்ல இது. பல் மருத்துவத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று நினைத்தவர்கள் 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் அதற்கென்றே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அயோவாவில் படித்துவிட்டு வந்த ரஃபியுதீன் அகமது 1920-இல் கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் அரசுக் கல்லூரி 1953-இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிப் பின்னால் தனியானது. கேட்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். நீ தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் வேறு. நீட் தேர்வுக்காக இரண்டு வருடம் பழகிய திறமை, அதாவது நான்கு விடைகளில் ஒன்றை நொடியில் பிடிப்பது, இங்கே பாதி வேலைக்குத்தான் உதவும். மீதிப் பாதி கை. புத்தகத்தில் முதலிடம் வாங்கிய பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே கண் கலங்கி நிற்பதையும், தட்டுத்தடுமாறித் தேறிய பையன் செதுக்கிய பல்லை மற்றவர்கள் வந்து வாங்கிப் பார்ப்பதையும் வருடா வருடம் பார்க்கிறேன்.

முதல் ஆண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் எல்லாம் உண்டு. சடலத்தின் முன் நிற்கத்தான் வேண்டும். அந்தப் பாடங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, படித்தால் வந்துவிடும். பல்லின் அமைப்பைப் பற்றிய பாடம்தான் உன்னை உட்காரவைக்கும். கையில் ஒரு மெழுகுக் கட்டியும் கார்வர் என்னும் செதுக்குக் கத்தியும் கொடுத்து, இந்த அளவில் ஒரு மேல் கடைவாய்ப்பல்லைச் செதுக்கு என்பார்கள். நீளம், அகலம், கழுத்து வளைவு எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டர் கணக்கு உண்டு. மேல்வாயின் முதல் கடைவாய்ப்பல்லில் அண்ணத்தின் பக்கமாகச் சிலருக்கு ஒரு குட்டி முகடு இருக்கும், காராபெல்லி முகடு என்று பெயர். அதை மறந்துவிட்டு வந்தால் ஆசிரியர் கட்டியைத் திருப்பித் தருவார். மேலே ஒரு கீறல் அதிகமாகிவிட்டால் ஒட்டவைக்க முடியாது, புதுக் கட்டி எடுக்க வேண்டும். ஹாஸ்டல் அறை முழுக்க மெழுகுத்தூள் உதிர்ந்து கிடக்கும். பற்களுக்கான எண்களும் அப்போதே பழகிவிடும். வலது மேல் முதல் கடைவாய்ப்பல் 16. அதைப் பதினாறு என்று படித்தால் சிரிப்பார்கள். ஒன்று-ஆறு என்றுதான் சொல்ல வேண்டும். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதையும், இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும்.

இன்னொரு வேலையும் வரும், வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். பிடுங்கிய பற்களைச் சேகரிக்கச் சொல்வார்கள். ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஊரிலுள்ள கிளினிக் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். கடைவாய்ப்பல் முழுசாகக் கிடைப்பது அரிது. சொத்தையில் பாதி போயிருக்கும், இல்லையென்றால் எடுக்கும்போதே உடைந்திருக்கும். கிடைத்ததைக் கையுறை போட்டுச் சுத்தம் செய்து, கிருமிநீக்கித் திரவத்தில் ஊறவைத்து, பிளாஸ்டரில் பதித்து அதில்தான் குழி வெட்டப் பழகுவீர்கள். பஸ்ஸில் போகும்போது பாட்டிலை வெளியே தெரியும்படி வைக்காதே.

இரண்டாம் ஆண்டில் பேண்டம் ஹெட் வரும். தலையும் வாயும் மட்டும் உள்ள பொம்மை அது. அதில் பொருத்திய பல்லில் ஏர்ரோட்டர் பிடித்து வெட்ட வேண்டும். காற்றால் சுழலும் இந்தக் கருவியை ஜான் போர்டன் 1957-இல் கொண்டுவந்தார். நிமிடத்துக்குச் சுமார் மூன்று லட்சம் சுற்று. விரல் நடுங்கினால் பல்லில் பள்ளம் விழுந்துவிடும். ஆழத்துக்கும் கணக்கு உண்டு: கடிக்கும் பரப்பில் சாதாரண அடைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். அதை ஆசிரியர் கம்பி வைத்து அளப்பார். ஏன் இவ்வளவு கறார் என்று உனக்குக் கோபம் வரும். காரணம் இதுதான்: எனாமலை உண்டாக்கிய செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும், வெட்டிய எனாமல் திரும்ப வளராது. ஒரு மாணவி ஒரு மனிதரின் வாயில் செய்யும் வேலை அவர் உள்ளவரை அங்கேயே இருக்கும். மெழுகில் ஒரு கீறலுக்காகக் கட்டியைத் தூக்கிப்போடச் சொன்னதும் இதற்காகத்தான்.

கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் கடைவாய்ப்பற்களை நேரே பார்த்து வெட்ட முடியாது. இடது கையில் சின்ன வாய்க்கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வலது கையால் வேலை செய்ய வேண்டும். முன்னும் பின்னும் மாறித் தெரியும். முதல் சில வாரம் கை எதிர்த்திசையில் போகும், எரிச்சலாக இருக்கும். வீட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்து, தாளை நேரே பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்துக் கட்டமும் வட்டமும் வரைந்து பழகு. தினமும் பத்து நிமிடம் போதும். அம்மாவுக்குக் கோலம் வருவதுபோல ஒருநாள் யோசிக்காமலே கை போய்விடும். அதோடு முதுகை நிமிர்த்தி உட்காரவும் அப்போதே பழகிக்கொள். பொம்மைக்கு முன் குனிந்து பழகியவர்கள் பேஷன்டுக்கு முன்னும் குனிவார்கள். கழுத்து வலியோடு வேலையைக் குறைத்துக்கொண்ட நல்ல மருத்துவர்கள் எனக்குத் தெரியும்.

மூன்றாம் ஆண்டில் கிளினிக்குக்குள் நுழைந்ததும் எல்லாம் மாறும். பொம்மை பேசாது. நாற்காலியில் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்து உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அறுவை சிகிச்சையில் நோயாளி மயக்கத்தில் இருப்பார். நம் தொழிலில் அவர் விழித்திருக்கிறார், உன் கை நடுங்குவது அவருக்குத் தெரிகிறது. அதனால் பேசத் தெரிய வேண்டும். அதைப் பாடத்திட்டத்தில் தேடாதே.

பேசுவதைவிடக் கேட்பது முக்கியம். "குளிர்ந்த தண்ணி பட்டா சுளீர்னு இழுக்குது, உடனே போயிருது" என்று ஒருவர் சொன்னால், பல்லுக்குள் இருக்கும் நரம்புத்திசு பெரும்பாலும் இன்னும் பிழைத்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறது. "ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, தூக்கமே இல்லை" என்றால் அநேகமாக அந்த நிலையைத் தாண்டிப் போயிருக்கும், வேர் சிகிச்சையா பல்லை எடுப்பதா என்று யோசிக்க வேண்டி வரும். எக்ஸ்ரே எடுக்கும் முன்பே பாதி நோயை அவர் வாயாலேயே சொல்லிவிடுகிறார். குறிப்பேட்டில் 'வலி உள்ளது' என்று மட்டும் எழுதிக்கொண்டு போகும் மாணவர்கள் அதை இழக்கிறார்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்பார் ஒரு பாட்டி. சிரிக்காதே. மேல் கோரைப்பல்லின் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீங்கி இமை மூடிக்கொள்வது உண்மை. அதைப் பார்த்தவர்கள் பயந்ததில் வியப்பில்லை. பார்வைக்கான நரம்பு இரண்டாவது மூளை நரம்பு, பல்லின் உணர்வைக் கொண்டுபோவது ஐந்தாவது என்பதைப் பாட்டிக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் உனக்கு நரம்புப் பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். கீழ்த்தாடைக்கு மரப்பு ஊசி போட்டதும் உதடு தடித்துப்போனதாக அவர்களுக்குத் தோன்றும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடு. குழந்தையாக இருந்தால் மரத்துப்போன உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் என்று தாயிடம் எச்சரி.

இனி கோட்டாவுக்கு வருகிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. இத்தனை பல் எடுத்திருக்க வேண்டும், இத்தனை பேருக்குப் பல் சுத்தம் செய்திருக்க வேண்டும், இத்தனை பல்செட் கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யாமல் கை வராது. ஆனால் கடைசி மாதத்தில் பிள்ளைகள் ஹாஸ்டல் வாட்ச்மேனையும் டீக்கடைக்காரரையும் வாயைத் திறந்து காட்டச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். தேர்வு நாளன்று வர வேண்டிய பெரியவருக்கு பஸ் காசு கொடுத்து, இட்லி வாங்கிக் கொடுத்து அழைத்து வருவார்கள். அது தப்பில்லை. தேர்வு முடிந்த மறுநாள் அவருடைய போனை எடுக்காமல் இருப்பதுதான் தப்பு. பல்லே இல்லாத ஒருவருக்கு முழு பல்செட் கட்ட முதல் அளவு, இரண்டாம் அளவு, தாடைகள் எந்த உயரத்தில் எப்படிச் சேர்கின்றன என்று குறிப்பது, மெழுகில் பற்களை அடுக்கிப் போட்டுப் பார்ப்பது, கடைசியில் மாட்டிவிடுவது என்று அவர் ஐந்தாறு முறையாவது வர வேண்டும். மாட்டிய பிறகுதான் உரசும், புண்ணாகும், திருத்த வேண்டும். பாதியில் விட்டால் அவருக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் துண்டுதான். கட்டணம் குறைவு என்பதற்காக உன் மெதுவான கையை அவர் பொறுத்துக்கொண்டார் என்பதை மறந்துவிடாதே.

ஒரே வாயை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு மாணவிக்குத்தான் கிடைக்கிறது. பிஸியான கிளினிக்கில் அந்த நேரம் யாருக்கும் இல்லை. பல்லை மட்டும் பார்க்காதே. நாக்கை வெளியே நீட்டச் சொல்லிப் பக்கவாட்டைப் பார், கன்னத்தின் உட்புறத்தை விரித்துப் பார். புகையிலையோ பாக்கோ போடுகிறவர் வாயைத் திறக்கச் சிரமப்பட்டால், மூன்று விரல் செங்குத்தாக உள்ளே போகிறதா என்று அவருடைய விரலாலேயே அளந்துபார்க்கச் சொல். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டோ, வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே ஆசிரியரைக் கூப்பிடு. உன் வாயால் புற்றுநோய் என்ற வார்த்தை வரக் கூடாது. திசுச் சோதனை சொல்லட்டும். ஆனால் அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அந்தச் சோதனைக்குப் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முகாமுக்கு அழைத்துப் போவார்கள். தருமபுரிப் பக்கம் போனால் பள்ளிப் பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறையும் குழிகளும் பார்ப்பாய். ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று அந்தப் பிள்ளைகளை வீட்டில் திட்டியிருப்பார்கள். பல் தாடைக்குள் உருவாகும் வயதில் குடித்த நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்ததால் வந்த கறை அது, எவ்வளவு துலக்கினாலும் போகாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோகும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். நாற்காலியில் உட்கார்ந்து ஆயிரம் பல்லை அடைத்தாலும் ஒரு குடிநீர்க் குழாய் செய்யும் வேலையை நம்மால் செய்ய முடியாது. முகாமைப் பிக்னிக் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான்காம் ஆண்டில் எட்டுப் பாடங்கள். தூக்கம் குறையும், எல்லோரும் தேறி வருகிறார்கள், நீயும் வருவாய். அதற்குப் பிறகு ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். கை வேகம் பிடிப்பது அந்த வருடத்தில்தான். அதை மேற்படிப்பு நுழைவுத்தேர்வுக்குப் படிக்கும் வருடமாக மட்டும் ஆக்கிக்கொள்ளாதே. படிப்பு முடிந்த கையோடு கிளினிக் போட அப்பா கடன் வாங்கினால் தடுத்துவிடு. பெரிய ஊர்களில் தெருவுக்குத் தெரு போர்டு தொங்குகிறது, தொடக்கச் சம்பளமும் குறைவு. யாரிடமாவது இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, பல் மருத்துவர் இல்லாத ஊராகப் பார்த்துப் போ.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை சிலதான். கருவி எதையும் முன்கூட்டி வாங்காதே. கல்லூரி பட்டியல் தரும், தாடைகள் சேர்வதைக் காட்டும் ஆர்ட்டிகுலேட்டர் போன்றவை சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும், சிலர் சும்மாவே தருவார்கள். சீனியர் உதவுவது வேறு, மிரட்டுவது வேறு. 1997-லிருந்தே தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தடைச் சட்டம் இருக்கிறது, எதுவானாலும் அன்றைக்கே எனக்கு போன் போடு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று போட்டால் அடுத்தது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதம். குழந்தையாக இருந்தபோது போட்ட ஊசிக்கான அட்டை இருந்தால் அம்மாவைத் தேடி எடுக்கச் சொல், இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
சித்தி