முதல் ஆய்வுக் கட்டுரையை எங்கே அனுப்புவது?

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் செய்யும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் யோசனை கேட்டு வருவதுண்டு. முன்பெல்லாம் "சார், இதை எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம்?" என்பார்கள். இப்போது, "சார், எது சீக்கிரம் போடும்?" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. உதவித்தொகை முடியும் தேதி நெருங்குகிறது. கூடப் படித்தவன் நாலு கட்டுரை போட்டுவிட்டான். வீட்டில் அப்பா, "இன்னுமா எழுதிக்கிட்டு இருக்க? எப்பதான் டாக்டர் பட்டம் வாங்குவ?" என்கிறார். இந்த நெருக்கடியில் பிள்ளைகள் போய் விழும் இடத்தைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். பெரிய பன்னாட்டு இதழ்கள் இருக்கின்றன. உங்கள் கண்டுபிடிப்பு தாங்குமென்றால் தாராளமாக முயலுங்கள். மாநாட்டுத் தொகுப்புகள் கணினித் துறைக்குச் சரி, உயிரியலுக்கு அவ்வளவாக எடுபடாது. அச்சுக்கு முந்திய வரைவை அப்படியே பொதுவில் வைக்கும் ஆர்க்கைவ் 1991 முதலும், உயிரியலுக்கான பயோ ஆர்க்கைவ் 2013 முதலும் இருக்கின்றன. செலவே கிடையாது. ஆனால் பல்கலைக்கழகக் கணக்கில் அது வெளியீடாகாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிடுவார்.

மிச்சமிருப்பவை நம் வட்டார இதழ்கள். நான் இவற்றின் பக்கம் சாய்ந்தவன். அதை மறைக்கப் போவதில்லை. இங்கேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் டிராப்பிக்கல் லைஃப் சயன்சஸ் ரிசர்ச் இருக்கிறது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் (யு.கே.எம்.) நடத்தும் சைன்ஸ் மலேசியானா, மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் (யு.பி.எம்.) பெர்த்தானிக்கா, 1940இல் தொடங்கிய மலாயன் நேச்சர் ஜர்னல் எல்லாம் இருக்கின்றன. பாலிக் பூலாவ் டுரியான் தோப்பில் இரவெல்லாம் விழித்திருந்து பூவுக்கு வரும் வௌவால்களை எண்ணிய மாணவியின் கட்டுரையை யார் படிப்பார்கள்? தாய்லாந்தின் சொங்க்லாவிலோ இந்தோனேசியாவின் போகோரிலோ அதே வேலையைச் செய்துகொண்டிருப்பவர்கள்தான். அவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் போடுவதை விட்டுவிட்டு, பெயரில் 'குளோபல்' என்றிருக்கிறதே என்று வேறு எங்கோ ஓடுவது எனக்கு விளங்கவில்லை.

எங்கே ஓடுகிறார்கள் என்றால், பணம் கட்டினால் ஒரு வாரத்தில் போட்டுத்தரும் இதழ்களுக்கு. அவற்றின் மடல் எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதுகலை முதலாண்டு மாணவனை 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே' என்று விளிக்கும். அவன் எப்போதோ மாநாட்டில் ஒட்டிய சுவரொட்டியின் தலைப்பைக் குறிப்பிட்டு, அது உலகை வியக்க வைத்ததாகச் சொல்லும். 72 மணி நேரத்தில் முடிவு என்று வாக்களிக்கும். கட்டணம் எவ்வளவு என்று மட்டும் சொல்லாது. லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வாசலில் நின்று 'வாங்க அண்ணே, சும்மா பாருங்க' என்று கையைப் பிடிக்கும் அதே அன்புதான். கட்டுரையை அனுப்பியதும் உரிமை மாற்றப் படிவம் வரும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் பில் வரும்.

இதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் செய்தியாளர், சயன்ஸ் இதழுக்காக ஒரு சோதனை செய்தார். கற்பாசியிலிருந்து (லைக்கன்) புற்றுநோய் மருந்து என்று அடிப்படையிலேயே ஓட்டையான ஒரு போலிக் கட்டுரையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. இப்படிப்பட்ட மடல்களால் சலித்துப்போன பீட்டர் வாம்ப்ளூ என்ற ஆஸ்திரேலியக் கணினி அறிஞர், 2005இல் இருவர் கேலிக்காக எழுதிய 'கட்டுரை' ஒன்றை எடுத்து ஓர் இதழின் மடலுக்குப் பதிலாக அனுப்பிவைத்தார். 'உன் அஞ்சல் பட்டியலிலிருந்து என்னை எடு' என்பதை ஒரு கெட்ட வார்த்தையோடு பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப அடித்ததுதான் அந்தக் கட்டுரை. மதிப்பீடு 'மிகச் சிறப்பு' என்று வந்தது. கட்டணம் 150 டாலர். வாம்ப்ளூ கட்டவில்லை, அதனால் வெளிவரவில்லை.

சிரிப்பை விடுங்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற இதழ்ப் பதிப்பு நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது. சக அறிஞர்களைக் கொண்டு மதிப்பாய்வு செய்வதாகச் சொல்லிச் செய்யவில்லை, கட்டணத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை, கட்டுரையைத் திரும்பப் பெற விடவில்லை என்பவை குற்றச்சாட்டுகள். 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தானே அங்கீகரித்த பட்டியலிலிருந்து 2018இல் 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னால், "அங்கே போட்டது போகட்டும் சார், நல்ல இதழில் மறுபடியும் போட்டுக்கொள்கிறேன்" என்கிறார்கள். முடியாது. ஒரு முறை வெளிவந்த கட்டுரையை எந்த நேர்மையான ஆசிரியரும் திரும்ப ஏற்கமாட்டார். இரண்டாண்டுக் களப்பணி அந்த இணையதளத்தோடு போயிற்று. தளமே ஒரு நாள் காணாமல் போனால் கேட்க நாதியில்லை.

பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது; பிளாஸ் ஒன் போன்றவை கட்டணத்தை முகப்பிலேயே எழுதிவைத்துத்தான் வாங்குகின்றன. பெரிய நிறுவனத்தின் பெயர் இருப்பதாலேயே காப்பும் கிடையாது. வைலி பதிப்பகம் 2021இல் வாங்கிய ஹிந்தாவி இதழ்கள், சிறப்பிதழ் என்ற பெயரில் நடந்த மதிப்பாய்வு மோசடியால் 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அவற்றில் எழுதியவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்களா என்ன?

ஆகவே அனுப்புமுன் அரை மணி நேரம் செலவழியுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை நம்பாதீர்கள், அது தரச்சான்று அல்ல, யார் கேட்டாலும் கிடைக்கும். இம்பாக்ட் ஃபேக்டர் என்று போட்டிருந்தால் அது கிளாரிவேட் நிறுவனம் தந்த எண்தானா என்று பாருங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் என்ற பெயரைச் சற்றே மாற்றிப் போலி எண் விற்பவர்கள் உண்டு. ஆய்வு இதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான 'ஸ்கோப்பஸ்' என்ற ஒரு சொல் நம் பிள்ளைகளை மயக்குகிற அளவுக்கு வேறெதுவும் மயக்குவதில்லை. இதழின் தளத்தில் உள்ள முத்திரையை விட்டுவிட்டு, ஸ்கோப்பஸின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். அங்கே 'நிறுத்தப்பட்டது' என்று இருக்கலாம். உண்மையான இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள், முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் ஒருவருக்கு இரண்டு வரி எழுதிக் கேட்பது இன்னும் நல்லது. தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

பெற்றோருக்கும் ஒன்று. ஆய்வு எல்லாருக்கும் ஒரே வேகத்தில் வராது. களத்தில் கண் கூர்மையாக இருக்கும் பிள்ளைக்கு எழுத்து தடுமாறும். நன்றாக எழுதுபவனுக்குப் புள்ளியியல் கசக்கும். எதில் கை திருந்தியிருக்கிறது, எதில் இன்னும் திருந்தவேண்டும் என்பதைக் காட்டிக்கொடுப்பதே முகம் தெரியாத மதிப்பாய்வாளரின் கடுமையான அந்த மூன்று பக்கங்கள்தான். காசு கொடுத்து அவற்றைத் தவிர்ப்பவன் தவிர்ப்பது தன் படிப்பின் பாதியை.

நல்ல இதழில் பதில் வர ஆறு மாதமும் ஆகலாம். திருத்தச் சொல்லி வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள். ஒரு வாரம் கழித்து மதிப்பாய்வாளர் சொன்னதை ஒவ்வொன்றாக எண்ணிட்டு, எதைத் திருத்தினீர்கள், எதை ஏன் திருத்தவில்லை என்று எழுதுங்கள். நிராகரிப்பு வந்து, அடுத்து எங்கே அனுப்புவது என்று குழம்பினால், உங்கள் கட்டுரையின் துணைநூல் பட்டியலில் அதிக முறை வந்திருக்கும் இதழ் எது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் அனுப்பவேண்டும்.