புகைப்பழக்கமும் கணக்கில் ஏறாத தேய்மானமும்

கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையை நோக்குவோர், சொத்துக்களின் மதிப்பிலிருந்து தேய்மானம் என்றொரு தொகை கழிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். தறியாயினும், நீர் இறைக்கும் இயந்திரமாயினும், உழைக்க உழைக்கத் தேய்வது இயல்பு. அத்தேய்வை ஆண்டுதோறும் எழுதாத சங்கம், இல்லாத இலாபத்தை இருப்பதாக எண்ணி மகிழும். இயந்திரம் நின்றுபோகும் நாளில்தான் உண்மை வெளிப்படும்.

நெசவாளர்க்கும் உழவர்க்கும் தலையாய சொத்து அவர்தம் உடலே. அதனை வீணே தேய்ப்பவற்றுள் பீடி, சுருட்டு, சிகரெட்டு ஆகியவை முன்நிற்கின்றன. ஆயினும் புகைப்போர் கட்டின் விலையை மட்டுமே செலவாக எண்ணுகின்றனர். நாளொன்றுக்கு 20 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 7,300 ரூபாய். இருபது ஆண்டுகளில் 1,46,000 ரூபாய். இதுவே சிறு குடும்பத்துக்குப் பெருந்தொகை. எனினும் உண்மைச் செலவு இதனினும் பெரிது என்பதே இப்பாடத்தின் கருத்து.

கூலிப் புத்தகம் கூறிய செய்தி

இதற்கு எடுத்துக்காட்டைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. காலஞ்சென்ற எம் தந்தையார் கைத்தறி நெசவாளர். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர். பதினாறாம் வயதில், தீபாவளிச் சரக்கை முடிக்க இரவில் கண்விழித்திருந்தபோது, தூக்கம் கலையட்டும் என்று பக்கத்துத் தறிக்காரர் நீட்டிய பீடியோடு அவருடைய பழக்கம் தொடங்கியது. பின்னர் அது நாளுக்கு இரண்டு கட்டு என்றாயிற்று. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால், 61-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் சேர்த்து வைத்திருந்த கூலிப் புத்தகங்களைப் பின்னர் ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தோம். கணக்கைப் படிப்பதே எம் அலுவல்; ஆயினும் இதுபோல் மனத்தை வருத்திய கணக்கு வேறொன்று இல்லை. 45-ஆம் வயதில் மாதம் எட்டுச் சேலை நெய்தவர், 50-ஆம் வயதில் ஆறு நெய்தார், 54-இல் நான்கு, 57-இல் இரண்டு. அதன்பின் துண்டுகள் மட்டுமே. நெசவு குறைந்ததற்குச் சங்கத்தில் நூல் தட்டுப்பாடு காரணமன்று. மிதிப்பலகையை மிதிக்க மூச்சு போதாமையே காரணம். அவர் மருத்துவரை முதன்முதலில் நாடியது 55-ஆம் வயதில். கூலிப் புத்தகமோ அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே நோயைக் குறித்து வைத்திருந்தது. காலை இருமலை ஊரார் ‘பீடி இருமல்’ என்று பெயரிட்டு விட்டுவிட்டனர்.

தார் சுற்றிக்கொண்டிருந்த தாயார் தறிக்குழியில் இறங்கினார். தங்கையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. இவ்விரண்டும் பீடியின் விலையில் சேர்க்க வேண்டியவையே. தந்தையாரைக் குறை கூற இதனை எழுதவில்லை. தொழிலில் நேர்மையை எமக்குக் கற்பித்தவர் அவரே. அவருடைய கணக்கு பிறர்க்குப் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

நுரையீரல் தேயும் விதம்

நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப்பைகள் உள்ளன. மூச்சுக் காற்றிலுள்ள உயிர்வாயு அவற்றின் மெல்லிய சுவர் வழியே இரத்தத்தில் கலக்கிறது. புகை, காற்றுக் குழாய்களை வீங்கச் செய்து சளியை மிகுவிக்கிறது. பைகளின் சுவர்களையும் அழிக்கிறது. அழிந்த சுவர் மீண்டும் வளர்வதில்லை. நுரையீரலுக்கு அன்றாடத் தேவைக்கு மேற்பட்ட ஆற்றல் கையிருப்பாக இருப்பதால், தொடக்கத்தில் குறைவு புலப்படாது. மூச்சு இரைக்கும்போது, கையிருப்பில் பெரும்பகுதி செலவாகியிருக்கும்.

இலையில் சுற்றிய பீடி தீங்கு குறைந்தது என்பார் உளர். அது தவறு. பீடியில் புகையிலை குறைவாயினும், அணையாதிருக்க அதனை அடிக்கடி இழுக்க வேண்டும். ஆகவே கீல் போன்ற கசடும், கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் மிகுதியாக உட்செல்கின்றன.

ஆராய்ச்சிகள் காட்டுவன

புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கில அறிஞர்கள் 1950-இல் எடுத்துக் காட்டினர். நம் மாநிலத்திலேயே சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து 2003-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. 25 முதல் 69 வயதுக்குட்பட்ட ஆண்களில், புகைப்போர் காசநோயால் இறப்பது புகைக்காதோரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. இந்தியா முழுமைக்குமாக 2008-இல் வெளியான ஆய்வு, பீடி குடிக்கும் ஆண்கள் சராசரியாக ஆறு ஆண்டு ஆயுளையும், சிகரெட்டு குடிப்போர் பத்து ஆண்டு ஆயுளையும் இழப்பதாக மதிப்பிட்டது.

ஆறுதலான செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பதாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004-இல் வெளிவந்தது. சிகரெட்டை 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டும், 50-இல் விட்டவர் 6 ஆண்டும், 40-இல் விட்டவர் 9 ஆண்டும் ஆயுளை மீட்டனர். 30-இல் விட்டவர் ஏறக்குறைய முழு இழப்பையும் தவிர்த்தனர். போன நுரையீரல் திரும்புவதில்லை. ஆனால் மேலும் தேயும் வேகம் தணிகிறது. எம் தந்தையாரும் 57-ஆம் வயதில் பீடியை அறவே விட்டார். அதன்பின் ஈராண்டுகள் துண்டு நெய்ய அவரால் இயன்றது.

விடும் வழி

முதலில் ஒரு நாளைக் குறித்து, அதனை வீட்டாரிடம் அறிவித்தல் வேண்டும். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் மூன்று நாட்களில் மிகும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். வேட்கை எழும் சில நிமிடங்களைத் தண்ணீர் பருகியோ, எழுந்து நடந்தோ கழிக்கலாம். தனியே இயலாதவர் அரசு மருத்துவமனையை நாடலாம், மருந்துகளும் உண்டு. மத்திய அரசு 2016-இல் தொடங்கிய கட்டணமற்ற தொலைபேசி எண் 1800-11-2356. ஒருமுறை தவறினும் மனந்தளராது மீண்டும் முயல வேண்டும்.

சங்கத்தின் கடமையும் சிறிதன்று. பொது இடங்களில் புகைப்பதற்கான தடை 2008 அக்டோபர் 2 முதல் விரிவாக நடைமுறையில் உள்ளது. சங்க அலுவலகத்திலும் தறிக்கூடத்திலும் இதனை உறுதியாகக் கடைப்பிடித்தல் வேண்டும். வீட்டுத் தறியறையிலோ, புகை தார் சுற்றும் பெண்டிரையும் குழந்தைகளையும் தாக்குகிறது. புகையை விட்ட அங்கத்தினர், அன்றாடம் மிஞ்சும் பணத்தைத் தொடர் வைப்பில் செலுத்தும்படி காரியதரிசி ஊக்குவிக்கலாம். சிக்கனமும் ஆரோக்கியமும் ஒரே கணக்கில் வரவாகும்.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. உங்கள் குடும்பத்தில் புகைக்காகும் ஓராண்டுச் செலவு எவ்வளவு?

2. உங்கள் சங்கத்தில் நெசவோ விளைச்சலோ படிப்படியாகக் குறைந்துவரும் அங்கத்தினர் எவரேனும் உளரா? அவர் மருத்துவரைக் கண்டாரா?

3. புகையை விட விரும்பும் அங்கத்தினர்க்கு இம்மாதமே சங்கம் செய்யக்கூடிய உதவி யாது?