விண்கலமும் எங்கள் படகும்

விளையாட்டு நிரல் ஒன்றை எழுதுவதைக் காட்டிலும், எழுதியபின் அதில் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்வதுதான் பெரும்பாடு. இவ்வாண்டுச் செய்முறைத் திட்டத்திற்காக நாங்கள் நால்வர் படகு விளையாட்டு ஒன்றை அமைத்தோம். பாறைகளில் மோதாமல் ஆற்றைக் கடக்க வேண்டும். பாட்டு, பல வண்ணப் படகுகள், மூன்று உயிர்கள் என்று ஆளுக்கொரு விருப்பம். எஞ்சியிருந்ததோ நான்கே ஆய்வக வகுப்புகள்.

இந்நிலையில் எனக்கு வழிகாட்டியது ஒரு பழைய விளையாட்டின் வரலாறு. 1962-இல் அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸ்டீவ் ரஸ்ஸல் தம் நண்பர்களுடன் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை உருவாக்கினார். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட வேண்டும், அவ்வளவே.

டேன் எட்வர்ட்ஸ் என்பவர் திரை நடுவே ஒரு சூரியனை வைத்து அதற்கு ஈர்ப்பு விசையும் கொடுத்தார். ஆட்டமே மாறிவிட்டது. சூரியனில் விழாமல் தப்பவும், அதே இழுப்பைக் கொண்டு எதிரியை நெருங்கவும் யோசனை வேண்டியதாயிற்று. ஆனால் கலங்களை வரைவதிலேயே பொறியின் நேரம் கழிந்தது. வரையும் பகுதியை விரைவாக்கித் திருத்திய பிறகே ஈர்ப்புக் கணக்கிற்கு இடம் கிடைத்தது. அப்போதும் குண்டுகளுக்குப் போதவில்லை. அவை ஈர்ப்புக்குக் கட்டுப்படாமல் நேராகவே பறந்தன! இயற்பியல் துறை நண்பர்கள் பொறுத்தருள்க.

பீட்டர் சாம்சன் பின்னணியில் உண்மையான விண்மீன்களை அமைத்தார். பார்வைக்கு இது வெறும் அலங்காரம். ஆயின், வெற்றுத் திரையில் மெல்லச் செல்லும் கலம் நகர்கிறதா என்று கணிப்பது கடினம். ரஸ்ஸல் முன்னரே ஒழுங்கின்றிப் புள்ளிகளை இட்டிருந்ததும் அதற்காகவே.

இதன் பொருள் எனக்கு விளங்கியது என் தாயாரால். கணிப்பொறியைத் தொட்டறியாத அவர், நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் எங்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "படகு போகுதா, நிக்குதாப்பா?" என்று கேட்டார். மறுவகுப்பிலேயே கரையோரம் பனைமரங்களை நட்டோம்.

அடுத்து, படகைப் பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டத்தைச் சேர்த்தோம். அதற்கு இரண்டு வகுப்புகள் பிடித்தன. மூன்று உயிர்களை நான் ஏற்கவில்லை. மோதினாலும் கவலையில்லை என்றால் துடுப்பை யார் கவனித்துப் போடுவார்? இருவர் இன்றும் இதனை மறுக்கின்றனர். கடைசி வகுப்பு, பிழை திருத்தத்திற்கே சரியாக இருந்தது. பாட்டு விரும்பிய நண்பர் மட்டும், செய்முறைத் தேர்வன்று தாமே பாடுவதாகக் கூறியிருக்கிறார்.