அரிவாளணு நோயும் ஓசையிலாப் பக்கவாதமும்

நோய்களுட் பல வலியாலேனும் காய்ச்சலாலேனும் தம் வரவை அறிவிக்கும். அங்ஙனம் அறிவியாது வந்து மூளையின் சிறு பகுதியை அழித்துச் செல்வதும் ஒன்றுண்டு. அதனை ஓசையிலாப் பக்கவாதம் எனலாம். வழிவழி வரும் குருதி நோயாகிய அரிவாளணு நோயுடைய சிறுவரிடத்து அது மிகுதியாகக் காணப்படுதலின், அதன் இயல்பையும், ஆபத்தை முன்னறியும் வகையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

நம் செங்குருதியணுக்கள் வட்டமாயும் மென்மையாயும் இருத்தலின் மயிரினும் நுண்ணிய குழாய்களில் நெளிந்து செல்லும். இந்நோயுடையாரது ஹீமோகுளோபினோ பிராணவாயுவை விட்டபின் இழைகளாகத் திரளும். அணுவும் விறைத்து அரிவாள் வடிவெய்தும். 1910-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து மருத்துவர் ஹெரிக் இவ்வணுக்களை விவரித்து எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் துணைவரும் நோயின் வேர் ஹீமோகுளோபின் மூலக்கூற்றிலேயே உளது என நாட்டினர். 1952-இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் நம் நீலகிரிப் பழங்குடியினர் சிலரது குருதியிலும் இவ்வியல்பைக் கண்டு வெளியிட்டனர். ஆதலின் இது நமக்கு அயலான பொருளன்று.

விறைத்த அணுக்கள் குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்த, வழி குறுகும். மூளைக்குச் செல்லும் பிராணவாயுவும் குறையும். கைகால்களை ஆளும் பகுதி அழியின் அவை செயலறுதலை யாவரும் காண்பர். உள்ளே ஒரு சிறு புள்ளியளவு அழியின் புறத்தே யாதொரு குறியும் தோன்றாது. எனினும் கவனமும் நினைவும் குன்றும். இந்நோயின் கடிய வகையை உடைய சிறுவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு 18 வயது நிரம்புமுன் இது நேர்கின்றது. நேற்றுக் கற்றதை இன்று மறந்த மாணவனைச் சோம்பேறி எனக் கடிந்துகொள்வார் உளர். குற்றமோ அவனதன்று.

ஆபத்தை முன்னறியும் வழி யாது? வரும் புகைவண்டியின் ஊதல் உயர்ந்தும், நம்மைக் கடந்தபின் தாழ்ந்தும் கேட்டலை நாம் அறிவோம். 1842-இல் டாப்ளர் என்பார் விளக்கிய விதி இதற்கும் பொருந்தும். செவிக்கெட்டாத ஒலியை நெற்றிப்பொட்டின் வழியே செலுத்தி, ஓடும் குருதியிற் பட்டு மீளும் ஒலியின் மாறுதலால் அதன் வேகத்தைக் கணிக்கலாம். ஊசியில்லை, வலியுமில்லை. ஆற்றுநீர் குறுகிய மதகிற் புகுங்கால் விரைவு மிகுதல்போல, குழாய் குறுகிய இடத்திற் குருதியும் விரையும். சோகையும் அவ்விரைவை மிகுவிக்கும். வினாடிக்கு 200 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் ஆயின் பக்கவாத ஆபத்து மிகுதி என்பது ஜார்ஜியா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆடம்ஸ் முதலியோர் கண்ட முடிபு.

அங்ஙனம் கண்ட 130 சிறுவரை இரு பகுதியாக்கிச் செய்த ஆராய்ச்சி 1998-இல் வெளிவந்தது. வழக்கமான மருத்துவம் பெற்ற 67 பேரில் 11 பேர்க்குப் பக்கவாதம் நேர, இடையறாது குருதியேற்றப்பட்ட 63 பேரில் ஒருவர்க்கே நேர்ந்தது. தகுதியுடையார் சிலர் பின்னர் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்திற்கு மாறலாம் என்பதும் 2016-இல் தெளிவாயிற்று.

ஆயினும் ஒன்று மறவற்க. இக்கருவி வரக்கூடிய ஆபத்தை உரைக்குமேயன்றி, ஓசையின்றி வந்துபோன வடுவைக் காட்டாது. வேகம் அளவினுள் இருப்பினும் வடு இருத்தல் கூடும். அதனைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. படமே. 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், வடுவுடைய சிறுவருள் குருதியேற்றப்பட்ட 99 பேரில் 6 பேர்க்கும், ஏனைய 97 பேரில் 14 பேர்க்கும் மூளையிற் புதிய கேடு நேர்ந்தது. ஆகவே, கடிய வகை நோயுடையார்க்கு 2 முதல் 16 வயது வரை ஆண்டுதோறும் டாப்ளர்ச் சோதனையும், பள்ளிப் பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறையேனும் எம்.ஆர்.ஐ. படமும் வேண்டும் என்று அமெரிக்கக் குருதியியல் சங்கத்தார் 2020-இல் வகுத்துரைத்தனர்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் அமைவோம். இந்நோயுடைய மாணவன் ஒருவன் பாடத்திற் பின்தங்குவானாயின், பிரம்பை எடுக்குமுன் அவனது மூளையைச் சோதிப்பித்தல் நம் கடனாகும்.