ஒரு ரிஷப் பந்த், ஐந்து கபடி அணி

கேள்வி: நான் பயர் ஆபீஸில் பட்டாசுச் சரம் பின்னுகிறேன். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளிக் கபடி அணியில் ரைடர். பொங்கலுக்கு நடந்த மின்னொளிக் கபடியில் அவன் ஆடியதைப் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர், “இவனை விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரரோ, “கபடியில் என்ன காசு இருக்கு? ஐ.பி.எல்.லில் ஒருத்தனுக்கு 27 கோடி. மதுரையில் கிரிக்கெட் கோச்சிங் சேர்த்துவிடுவோம்” என்கிறார். பக்கத்து வீட்டு வாத்தியார் குகேஷைக் காட்டி, செஸ்தான் நல்லது என்கிறார். எந்த விளையாட்டில் எவ்வளவு சம்பளம், விளம்பரத்தில் எவ்வளவு வரும்? விவரமாகச் சொல்லுங்கள். ஏழாவது படிக்கிற மகளும் கபடிதான் ஆடுகிறாள்.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, அச்சங்குளம்

பதில்: தங்கச்சி, வீட்டுக்காரர் சொன்ன 27 கோடி நிஜம்தான். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ அணி எடுத்த விலை அது. அதே ஆண்டு புரோ கபடி ஏலத்தில், ஒரு அணி தன் வீரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் செலவழிக்கலாம் என்று வைத்த வரம்பு 5 கோடி. பந்தின் விலைக்கு ஐந்து கபடி அணிகளை வாங்கலாம், அப்புறமும் 2 கோடி மிஞ்சும். மிச்சத்தோடு 15 லட்சம் போட்டால், அந்த ஏலத்தில் அதிக விலைக்குப் போன சச்சின் தன்வரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவரை 2.15 கோடிக்கு எடுத்தது நம் தமிழ் தலைவாஸ்.

கபடிக்காரன் கம்மியாகவா உழைக்கிறான்? மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு பேருக்கு நடுவில் போய்வருகிறவனிடம் அப்படிச் சொல்ல முடியாது. காசு வருகிற வழி வேறு. 2023 முதல் 2027 வரை ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. 410 ஆட்டங்களுக்குப் பிரித்தால் ஓர் ஆட்டத்துக்கு 118 கோடி. புரோ கபடிக்கு 2021 முதல் ஐந்து சீசனுக்கும் சேர்த்துக் கிடைத்தது 908 கோடி, அதாவது ஆண்டுக்கு 181 கோடி. மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கிற கபடி முழுவதும், டிவிக்காரர்களுக்கு ஒன்றரை ஐ.பி.எல். ஆட்டம்தான்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. 2025 ஐ.பி.எல்.லில் பத்து அணிகளுக்கு ஏல வரம்பு தலா 120 கோடி, மொத்தம் 1,200 கோடி. டிவி பணம் மட்டும் ஆண்டுக்கு 9,600 கோடிக்கு மேல். வீரர்கள் கைக்குப் போவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியே தரும் 7.5 லட்சத்தைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது. கபடியில் 12 அணிக்கு 60 கோடி. டிவி பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. விகிதத்தில் பார்த்தால் கபடி முதலாளிகள்தான் தாராளம்! அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் மொத்த வருமானத்தில் பாதி வீரர்களுக்குப் போகிறது. அது முதலாளி மனமிரங்கிக் கொடுத்ததில்லை, வீரர்கள் சங்கம் வைத்து உட்கார்ந்து பேசி வாங்கியது. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரத்துக்கு வருவோம். சிவகாசியில் அச்சாகிற நோட்டு அட்டையில் தோனி முகத்தைப் பார்க்காத பிள்ளை உண்டா? ஆளைக் கேட்காமல் முகத்தைப் போட்டால் அவருக்கு ஒரு பைசா போகாது. கேட்டுப் போட்டால் அதுதான் விளம்பர ஒப்பந்தம். (கேட்காமல் போடுவது இப்போது ஆபத்து. ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015ல் சென்னை உயர் நீதிமன்றம் பிரபலங்களின் பெயருக்கும் முகத்துக்கும் உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. அச்சகக்காரர்கள் கவனிக்க.)

இந்தக் காசு எல்லா ஆட்டத்துக்கும் ஒரே மாதிரி வராது. ஃபோர்ப்ஸ் பட்டியல்படி 2020ல் டென்னிஸ்காரர் ஃபெடரர் சம்பாதித்த 10.63 கோடி டாலரில் 10 கோடி விளம்பரம். ராக்கெட்டைப் பிடித்து வந்தது வெறும் 63 லட்சம். 2025ல் ரொனால்டோவுக்கு நேர் எதிர்: ஆடி 22.5 கோடி டாலர், வெளியில் 5 கோடி. நம் சிந்துவுக்கு 2018ல் பேட்மிண்டன் பரிசு 5 லட்சம் டாலர், விளம்பரம் 80 லட்சம் டாலர். தனி ஆளாக ஆடுகிற ஆட்டத்தில் கேமரா முகத்தை விட்டு நகராது, உடையும் மட்டையும் அவரவர் சொத்து. அணி ஆட்டமான கிரிக்கெட்டிலும் மட்டை அவரவருடையதுதான்: விராட் கோலியின் மட்டையில் ஸ்டிக்கர் ஒட்ட சென்னை எம்.ஆர்.எஃப். 2017ல் எட்டு வருடத்துக்கு 100 கோடி பேசியதாகச் செய்தி வந்தது. கபடியில் எங்கே ஒட்டுவது? மட்டை இல்லை, ஹெல்மெட் இல்லை. ஜெர்சியில் இருக்கிற இடத்தை அணி நிர்வாகம் ஏற்கெனவே விற்றிருக்கும், ரைடர் முகமோ பாதி நேரம் தரையில் இருக்கும். ஆகவே கபடியில் விளம்பரக் காசைக் கணக்கிலேயே வைக்காதீர்கள்.

இனி உங்கள் வீட்டுக் கேள்வி. முதல் ஆள் என்ன வாங்குகிறான் என்று பார்த்துப் பிள்ளையை அனுப்பக் கூடாது. நூறாவது ஆள், இருநூறாவது ஆள் என்ன வாங்குகிறான் என்று பாருங்கள்.

கிரிக்கெட்டில் ஐ.பி.எல். அணிகளில் மொத்தம் 250 பேருக்கு இடம். கடைசி ஆளுக்கும் 30 லட்சம் உண்டு. அதற்குக் கீழே ரஞ்சிக் கோப்பை: புதியவருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், நான்கு நாள் ஆட்டத்துக்கு 1,60,000. லீக் சுற்று ஏழும் ஆடினால் 11 லட்சத்துக்கு மேல். நல்ல காசுதான். ஆனால் ஏறக்குறைய எட்டுக் கோடிப் பேர் இருக்கிற தமிழ்நாட்டுக்கு ரஞ்சியில் இருப்பது ஒரே ஒரு பதினொன்று. பையன்கள் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பந்தோடு பழகி அந்த வரிசையில் நிற்கிறார்கள். பதினைந்து வயதில் கபடியை விட்டுவிட்டு அதன் கடைசியில் போய் நிற்பது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்ளே போனாலும் விலை நிலைக்காது. சின்னப்பம்பட்டி நடராஜனை 2017ல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அடுத்த ஏலத்தில் ஹைதராபாத்துக்குப் போன விலை 40 லட்சம். அவர் விடாமல் யார்க்கர் போட்டு 2022ல் 4 கோடிக்கும், 2025 சீசனுக்கு 10.75 கோடிக்கும் ஏறினார். எல்லாருக்கும் அந்த இரண்டாவது ஏற்றம் வாய்க்காது.

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்று 13.5 லட்சம் டாலர் வாங்கினார், தமிழக அரசு 5 கோடி கொடுத்தது. வாத்தியாரிடம் இதையும் சொல்லுங்கள்: காது மூக்கு தொண்டை டாக்டரான குகேஷின் அப்பா, மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தவர். செஸ்ஸில் பரிசு வரும் முன் விமான டிக்கெட் செலவு வரும். டென்னிஸ் அதைவிட மோசம். 2023ல் இந்தியாவின் முதல் ஆட்டக்காரரான சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கபடியில் ஏல அடிப்படை விலை 30 லட்சம், 20 லட்சம், 13 லட்சம், கடைசியாக 9 லட்சம் என்று படிப்படியாக இருக்கும். அது ஒரு சீசனுக்குத்தான். முட்டி போனால் அடுத்த ஆண்டு யாரும் கூப்பிட மாட்டார்கள். அதனால் நம் பக்கத்துக் கபடிக்காரர்கள் ஏலத்துக்கு முன்பே ஒன்றைத் தேடுவார்கள், டிபார்ட்மென்ட் வேலை. ரயில்வே, ஐ.சி.எஃப்., போலீஸ். கோவில்பட்டி ஹாக்கிப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள். ஹாக்கி லீக்கில் 2024ல் அதிகபட்ச விலையே கேப்டன் ஹர்மன்பிரீத்துக்குப் போன 78 லட்சம்தான். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயில் லெவல் 2க்கு அடிப்படைச் சம்பளம் 19,900. அதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, குடும்பத்துக்கு வைத்தியம். 27 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் அற்பமாகத் தெரியும். ஆனால் ஆட்டம் நின்ற பிறகும் அறுபது வயது வரை மாதா மாதம் வருகிற பணம் இது. நான் தேடிய வரை, ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு கொடுக்கிற நிஜமான சம்பளம் இதுதான்.

மகளுக்குக் கணக்கு இன்னும் கறாராக இருக்கிறது. கிரிக்கெட்டில் 2022ல் இந்திய அணியின் ஆண், பெண் இருவருக்கும் ஒரே ஆட்டச் சம்பளம் என்று ஆனது, டெஸ்டுக்கு 15 லட்சம். 2023 மகளிர் ஏலத்தில் ஸ்மிருதி மந்தனா 3.4 கோடிக்குப் போனார். புரோ கபடிக்காரர்கள் பெண்களுக்கு 2016ல் மூன்று அணிகளை வைத்து ஒரு லீக் நடத்திப் பார்த்தார்கள், அதைத் தொடரவில்லை. பதக்கத்துக்கு மட்டும் குறைவில்லை: 2025 உலகக் கோப்பை நம் பெண்களிடம்தான். கண்ணகி நகர் கார்த்திகா அதே ஆண்டு பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்று வந்ததும் அரசு 25 லட்சம் கொடுத்தது. கபடி ஆடும் பெண்பிள்ளைக்குப் பெரிய ஏலம் இல்லை, வேலையில் ஒதுக்கீடு உண்டு. டிபார்ட்மென்ட் அணிகள் அவளுக்கும் இருக்கின்றன.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரவு மேட்சில் கிடைக்கும் சுழற்கோப்பையைக் காட்டி வேலை கேட்க முடியாது. பள்ளிக் கல்வித்துறைப் போட்டி, முதலமைச்சர் கோப்பை, மாநில ஜூனியர் அணித் தேர்வு, இவற்றின் சான்றிதழ்தான் செல்லும். முதலமைச்சர் கோப்பையில் மாநில அளவில் முதலிடம் வரும் அணியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 75,000 ரூபாயும் உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்குக் கோடையில் தேர்வு வைப்பார்கள். விருதுநகரில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் இருவருக்கும் விவரம் கேளுங்கள். ரயில்வே லெவல் 2 வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேற வேண்டும், ஆகவே பையன் பத்தோடு நிற்கக் கூடாது.

மதுரை கோச்சிங்குக்கென்று வீட்டுக்காரர் ஏதாவது எடுத்து வைத்திருந்தால், அதில் முதலில் கபடி ஷூவும் முழங்கால் காப்பும் வாங்கச் சொல்லுங்கள். செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிய பையன் தேர்வு நாளில்தான் முதன்முதலாக மேட் விரித்த களத்தில் இறங்கினால் கணுக்கால் பிசகிவிடும். மேட் போட்ட ஆடுகளம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் அலுவலரிடம் அதே நாளில் கேட்டுவிடுங்கள்.