தாடையும் இரையும்
முருகைக்கற்பாறை மீன்களின் வாயமைப்புப் பற்றிய ஓர் ஆய்வு

நாம் கல்லூரியில் விலங்கியல் பயின்ற நாளில் மீனின் தலையை அறுத்து, அதன் என்புகளைப் படமாக வரைந்து, பெயர்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்தோம். அவ்வென்புகள் ஏன் அவ்வாறு அமைந்தன என்று அன்று நாம் கேட்டிலோம். அவ்வினாவுக்கு விடை காண முருகைக்கற்பாறைகளில் வாழும் மீன்களை நோக்குதல் சாலும்.

மீனின் கீழ்த்தாடை ஒரு நெம்பு ஆகும். மூட்டே பொறுதி, தசையின் இழுவையே எத்தனம், பல்லில் அகப்பட்ட இரையே சுமை. நம் வீட்டுப் பாக்குவெட்டியை எண்ணிப் பார்ப்போம். பாக்கை மூட்டுக்கு அண்மையில் வைத்தால் எளிதில் வெட்டுண்ணும். நுனியில் வைத்தால் கை நோகும். ஆயினும் விரைந்து அதிக தூரம் அசைவது நுனியே. தாடைக்கும் விதி இதுவே. குறுகிய தாடை வலிமை மிக்கது. நீண்ட தாடை விரைவு மிக்கது. ஒன்றைப் பெறுவது மற்றொன்றை இழந்தே என்க.

வலிமைக்குக் கிளாத்தி மீன் தக்க சான்று. அதன் வாய் சிறிது, தாடை குறுகியது, தசையோ பருத்தது. ஒவ்வொரு தாடையின் வெளிவரிசையிலும் உளி போன்ற 8 பற்கள் உள. சில கிளாத்திகள் வாயினின்று நீரைப் பீச்சிக் கடல் முள்ளெலியைப் புரட்டி, முட்குறைந்த அடிப்புறத்தைக் கடித்து உடைத்து உண்ணும்.

விரைவுக்குச் சான்று, இந்து பசிபிக் சமுத்திரங்களில் வாழும் கவண்தாடை மீன். இரை அண்மித்ததும் அதன் வாய் குழாய்போல முன்னே பாய்கின்றது. அவ்வாறு நீளுந்தூரம் தலையின் நீளத்தில் 65 சதவீதம் வரை ஆகும். உடலை அசைக்காமலே இறாலையும் சிறு மீனையும் அது கவர்ந்துகொள்ளும்.

பெரும்பாலான மீன்கள் வாயை அகல விரித்து, நீரோடு இரையையும் உறிஞ்சுவன. ஒடுங்கிய பொந்தில் வேட்டையாடும் அஞ்சாலைக்குத் தலையை அவ்வாறு விரித்தல் இயலாது. பின் அது எங்ஙனம் விழுங்குகின்றது? தொண்டையிலுள்ள இரண்டாவது தாடை முன்னோக்கி வந்து, இரையைப் பற்றி உள்ளே இழுக்கின்றது. ரீட்டா மேத்தா, பீற்றர் வெயின்றைற் என்னும் ஆய்வாளர் இருவர் இதனை 2007இல் வெளியிட்டனர்.

இனி, கிளிமீனுக்கு வருவோம். அதன் முன்பற்கள் ஒன்றாயிணைந்து கிளியின் அலகை ஒத்தன. அவ்வலகு பாறையைச் சுரண்ட, தொண்டைத் தாடைகள் அம்மிபோல் நின்று சுரண்டியதை அரைக்கின்றன. பாசியும் நுண்ணுயிரும் உணவாகின்றன. கல்லோ வெண்மணலாகக் கழிகின்றது. நெற்றி புடைத்த பெருங்கிளிமீன் ஒன்று ஓராண்டில் 5 தொன்னுக்கு மேற்பட்ட முருகைக்கல்லை உட்கொள்ளும் என அவுஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறையில் நிகழ்ந்த ஆய்வு கூறுகின்றது.

இதனாற் பாறைக்குக் கேடன்றோ எனச் சிலர் ஐயுறலாம். உயிர்ப்பவளத்திலும் ஒரு பகுதியை இவை உண்பது மெய்யே. ஆயினும் பாசி மூடிய பாறையில் இளம் பவளம் பற்றி வளர்தல் அரிது. அப்பாசியைச் சுரண்டி இடம் தருவது இவ்வலகே. 1998இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது இக்கடுவை முதலிய இடங்களில் நம் நாட்டுப் பவளம் பெருமளவு வெளிறி மடிந்தது. மடிந்த பாறை மீளத் தளிர்க்க வேண்டின், அதைத் துப்புரவு செய்யும் தாடைகள் நீரில் இருத்தல் வேண்டும். இதனை உணர்ந்தே பெலீசு நாடு 2009இல் கிளிமீன் பிடித்தலைத் தடுத்தது.

நம் திருகோணமலைக் கடலிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. பூங்கா என்று பெயரிடுதல் மட்டும் போதாது. அங்கு மேயும் மீனும் காக்கப்படல் வேண்டும். சந்தையில் நீலமும் பச்சையுமாய்க் கிடக்கும் கிளிமீனை இனிக் காணுங்கால், அதன் வாயைத் திறந்து அலகை ஒருமுறை நோக்குவோமாக. அன்று நாம் கேளாது விட்ட வினாவின் விடை அங்கே உள்ளது.